முதல் கட்டிலுக்குத் தெரியாத டிவி

கருமத்தம்பட்டி,
செவ்வாய்க்கிழமை சாயங்காலம்.

அன்பு நவநீத் கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் நைனாவும் இருக்கிற உடம்போடு சௌக்கியமாகவே இருக்கிறோம். நைனா இன்றைக்கு டயாலிசிஸ் முடித்து வந்து, இரண்டு கை மோர் சாதம் சாப்பிட்டுவிட்டு உள்ளே கண்ணயர்ந்திருக்கிறார். அயர்லாந்துக் குளிருக்கு நீ காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா, அந்த வறட்டு இருமல் நின்றதா, இரண்டையும் மறைக்காமல் எழுது. வாராவாரம் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் நைனா பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போடு என்கிறார், நான் ஒரு ஆளைப் பற்றி ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் விடு பங்காரம், விடு என்று வாயை அடைத்துவிடுகிறார். இது விடுகிற விஷயம் இல்லை கண்ணு. உனக்குப் பெண் தருவதாகப் பேச்சு நடக்கிற பாலுசாமியைப் பற்றியது. அந்த மனிதரை நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. கோபம் என்றால் இரண்டு நாளில் ஆறியிருக்கும். ஐந்து நாளாக வாயில் ஏதோ கசப்பு ஒட்டிக்கொண்டு, கொப்பளித்தாலும் போகாத மாதிரி இருக்கிறது. அதனால்தான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிப் பருப்புப்பொடியோடு கூரியரில் வைத்து அனுப்புகிறேன்.

நைனா போகிற டயாலிசிஸ் அறையை நீ பார்த்ததில்லை. எட்டுக் கட்டில், இந்தப் பக்கச் சுவரில் நாலு, அந்தப் பக்கச் சுவரில் நாலு. தலை சுவரோரம், கால் நடுவழிப் பக்கம். டிவி இருப்பது அறையின் கோடியில், வாசலுக்கு மேலே. ஆக, எட்டுப் பேரில் ஒருவருக்குக்கூட அது நேர் எதிரே இல்லை, எல்லாரும் பக்கவாட்டில்தான் பார்க்க வேண்டும். ஊசி குத்தின கையை அசைக்கக்கூடாது, திரும்பிப் படுக்க முடியாது, நாலு மணி நேரம் அப்படியே கிடக்க வேண்டும். டிவி இல்லையென்றால் தன்னுடைய ரத்தம் குழாயில் ஓடுவதையும் மேலே சுற்றுகிற ஃபேனையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இருந்த பழைய டிவி ஆவணியில் புகைந்து போய்விட்டது. வாசலை ஒட்டின முதல் கட்டிலில் சோமனூர் பாவாத்தாள் படுப்பாள், தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிப் பிழைத்தவள், ஒண்டியாக பஸ் ஏறி வந்து போகிறாள். அவள்தான் ஒருநாள் என்னிடம், நாடகத்துல அந்தப் புள்ள புருசன் ஊட்டுக்குத் திரும்பிப் போனாளா இல்லீங்களா, யாராச்சும் பாத்துட்டு வந்து சொல்லுங்க அம்மணி என்று கேட்டாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. அந்த வாரம் பாலுசாமி நம் வீட்டுக்கு வந்திருந்தார். ஜாதகம் பொருந்திவிட்டது, இனி நாள் பார்ப்பதுதான் பாக்கி என்று குளிரப் பேசிக்கொண்டிருந்தார். அவர் ஒரு சேவா சங்கத்துக்குத் தலைவர் இல்லையா, நான் வாய் தவறி இந்த டிவி சமாச்சாரத்தைச் சொல்லிவிட்டேன். ஏனுங்க சம்பந்தியம்மா, இதையெல்லாம் முன்னமே சொல்ல வேண்டாமுங்களா, எங்க சங்கத்துல குடுத்துப்போடறோம், எது வேணும்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க என்றார். நல்ல மனிதர் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. அதையும் எழுதாமல் விட்டால் பொய்யாகும்.

கடைக்கு நானும் அவர் பெண் ஷ்ரவ்யாவும் போனோம். கண் ஆஸ்பத்திரியில் பவர் பார்க்கிற வேலை என்பதால் அவளைக் கூட்டிப் போனால் தேவலை என்று நினைத்தேன். நமக்கு ஏற்ற மாதிரி இரண்டு டிவியைக் கடைக்காரர் காட்டினார், இரண்டும் நடுத்தர விலைதான். ஒன்று ஐம்பத்தைந்து அங்குலம், பளபளவென்று கண்ணாடி மாதிரி. கிளியும் அருவியும் வெட்டின மாதுளம்பழமும் ஓடிக்கொண்டிருந்தது, கருப்பு என்றால் அப்படி ஒரு கருப்பு, கண்ணைப் பறிக்கிற நிறம். இன்னொன்று ஐம்பது அங்குலம், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் சோர்ந்து தெரிந்தது, அதில் கருப்பு சாம்பலாகத்தான் இருந்தது. நான் பெரியதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஷ்ரவ்யாதான், அத்தைங்க, இந்தக் கிளிப் படத்தப் பாத்து எடுக்கக் கூடாதுங்க, இது கடைக்குன்னே எடுத்தது, எதுல போட்டாலும் அழகாத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, இரண்டிலும் தமிழ்ச் செய்தி போடச் சொன்னாள். கடைக்காகக் கூட்டி வைத்திருந்த வெளிச்சத்தைக் குறைத்து, வீட்டில் வைக்கிற அளவுக்குக் கொண்டுவரச் சொன்னாள். அப்புறம், நான் வழியில் அறையைப் பற்றிச் சொன்னதை மனதில் வைத்து, அத்தனை பேர் நடமாடுகிற கடையில் ஓரமாகப் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டு, பாவாத்தாள் அம்மா கட்டில் இந்தக் கோணத்துலதானுங்களே வரும், நீங்களும் வந்து பாருங்க என்று கூப்பிட்டாள். முழங்கால் வலியோடு நானும் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் அந்தப் பெரிய டிவியில் செய்தி வாசிக்கிறவள் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது, அதன் மேல் கடையின் விளக்கு வரிசை அப்படியே தெரிந்தது. சின்னதில் முகம் முகமாகவே இருந்தது, கீழே ஓடுகிற எழுத்தையும் படிக்க முடிந்தது. டயாலிசிஸ் அறையில் மெஷின் அடிக்கிற பீப் சத்தம் காதில் விழ வேண்டும் என்பதால் டிவி சத்தத்தை ஏற்ற மாட்டார்கள், எழுத்துத்தான் முக்கியம். கடைக்காரரும் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். நேரா சோபாவுல உக்காந்து, கொஞ்சம் இருட்டாக்கிப் படம் பாக்கறவங்களுக்குப் பெருசுங்க, நாலா பக்கமும் உக்காந்து பாக்கற எடத்துக்குச் சின்னதுதானுங்க என்றார். சின்னது என்று முடிவு செய்து, மாடல் எழுதின சீட்டையும் ஷ்ரவ்யா கையில் கொடுத்து அனுப்பினேன்.

போன புதன்கிழமை பாலுசாமி போன் செய்தார். பெருசையே எடுத்துப்போட்டேனுங்க சம்பந்தியம்மா, குடுக்கறது குடுக்கறோம், போட்டோல நாலு பேர் பாத்தா எடுப்பா இருக்கோணுமுல்லீங்க, நாளைக்கே மாட்டிப்போடலாம் என்றார். கண்ணு, அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அங்கே படுத்துக்கிடப்பவர்களுக்கு அது தெரியாதுங்க, மாற்றிக் கொண்டுவாங்க என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரை வந்தது. நாள் பார்க்கிற நேரத்தில் பிள்ளை வீட்டுக்காரி டிவிக்குச் சண்டை பிடித்தாள் என்று பேச்சு வருமே என்று நினைத்து, சரிங்க, உங்க இஷ்டமுங்க என்று சொல்லி வைத்துவிட்டேன். என் மீதே எனக்கு இருக்கிற அருவருப்பு அங்கேதான் ஆரம்பம்.

இனி வியாழக்கிழமை நடந்தது. நைனாவுக்கு மெஷின் மாட்டி ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். பாலுசாமி பத்துப் பதினைந்து பேரோடு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி எழுதிப்போட்டிருக்கிறதே, ஒருவரும் கழற்றவில்லை. ஒரே சென்ட் நாற்றம். டிவிக்குக் குறுக்கே ரிப்பன், அடியில் சங்கத்தின் பெயரும் இவருடைய கும்பிடு போட்ட படமும் அச்சடித்த ஒரு முழ நீளப் பலகை. ரிப்பனை வெட்டி, டிவியைப் போட்டால் முதலில் ஓடினது என்ன தெரியுமா, இவருடைய பிறந்தநாள் வீடியோ. மாலை போடுகிறார்கள், கேக் ஊட்டுகிறார்கள், குழாயும் ஊசியுமாகப் படுத்துக்கிடக்கிற எட்டுப் பேரும் அதைப் பார்க்க வேண்டும். பார்க்கவும் முடியவில்லை, முக்கால்வாசிப் பேருக்கு வெள்ளைப் புகைதான் தெரிந்தது. அதோடு விட்டார்களா, ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு பை. உள்ளே இரண்டு வாழைப்பழம், ஒரு மிக்சர் பாக்கெட், ஒரு இளநீர். கிட்னி போனவர்களுக்கு வாழைப்பழமும் இளநீரும் எமன் என்று அங்கே கூட்டுகிற அம்மாவுக்குக்கூடத் தெரியும். இவர்கள் ஒருவரைக் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. கொடுக்கிறவருக்கு வாங்குகிறவர் வாயைப் பற்றி என்ன கவலை, கையை நீட்டுகிற படம் வந்தால் சரி.

அப்புறம் படம் எடுக்கிற ஆள் நைனாவிடம் வந்து ரிமோட்டை அவருடைய நல்ல கையில் திணித்து, டிவியைக் காட்டிச் சிரிங்க ஐயா என்றான். நைனா சிரித்தார். அது போதவில்லை. மேலே போட்டிருந்த போர்வையை அவனே விலக்கி, கொழாய் தெரிஞ்சாத்தானுங்க பாக்கறவங்களுக்கு மனசுல படும் என்று சொல்லி, ரத்தம் ஓடுகிற குழாயையும் வீங்கின கையையும் வெளியே தெரியும்படி வைத்தான். கண்ணு, உன் நைனா நாற்பது வருஷம் தறிப்பட்டறை நடத்தி, முழுக்கைச் சட்டை இல்லாமல் கடை வீதிக்குப் போகாதவர். அந்தக் கையை உனக்கே வீடியோவில் காட்ட மாட்டார். சம்பந்தம் பேசுகிற வீடு என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். நானும் கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில்தான் முதல் கட்டிலிலிருந்து பாவாத்தாள் குரல் வந்தது, ஈனஸ்வரத்தில். கண்ணு முஜீப், எனக்கு என்னமோ பண்ணுது கண்ணு என்று. முஜீப் அங்கே மெஷின் பார்க்கிற டெக்னீசியன், தங்கமான பையன், இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். அவனை பாலுசாமிக்குப் பின்னால் நிற்க வைத்து, இருவர் தோளை அழுத்திப் பிடித்திருந்தார்கள், குரூப் போட்டோவாம். உடனே அவள் மெஷினும் அலற ஆரம்பித்தது. முஜீப் நகரப் பார்த்தான். பாலுசாமி திரும்பாமலே, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே, தம்பி, ஒரே நிமிசம், அந்தச் சத்தத்த மட்டும் யாராச்சும் நிறுத்தி வெய்யுங்க என்றார்.

அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம், அந்தச் சத்தம் ஒரு மனுஷியின் ரத்த அழுத்தம் இறங்குகிற சத்தம் என்று. ஆனால் கட்டில் இவருக்கு மூன்றடி. திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பாவாத்தாள் முகம் சாணித்தாள் மாதிரி வெளிறி, கண் மேலே செருகிக்கொண்டிருந்தது. எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்றே தெரியவில்லை. வெளியே போங்க, எல்லாரும் வெளியே போங்க, அந்தம்மா சாகப் போகுது என்று கத்தினேன். முஜீப்பின் தோளில் இருந்த கையைத் தட்டிவிட்டேன், அது பாலுசாமியின் மச்சினன் கை என்று அப்புறம்தான் தெரிந்தது. முஜீப் ஓடிப்போய்த் தலைமாட்டை இறக்கி, காலைத் தூக்கி வைத்து, சலைனைத் திறந்துவிட்டான். ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ, நான் பாவாத்தாளின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன், ஐஸ் மாதிரி இருந்தது. கண் திறந்து முதலில் கேட்டது, எல்லாருத்துக்கும் தொந்தரவு பண்ணிப்போட்டனுங்களா என்று. வெளியே வந்து பார்த்தால் பாலுசாமி காரில் ஏறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். ஆஸ்பத்திரின்னா இதெல்லாம் சகஜமுங்க சம்பந்தியம்மா, நீங்க ரொம்ப இளகின மனசு என்றார். நான் அங்கேயே செடியோரம் போய் வாந்தி எடுத்தேன். பொய் இல்லை, நிஜமாகவே எடுத்தேன்.

மறுநாள் காலையில் அவருடைய ஸ்டேட்டஸில் நைனாவின் கை இருந்தது. நைனா அதைப் பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தார். சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வரும் வழியில்தான், டிவில நாலு மணி நேரமும் ட்யூப்லைட்டத்தான் பாத்தேன் பங்காரம், அதாச்சும் நல்லா எரியுது என்றார். அவர் சிரித்தார், எனக்கு அழுகை வந்தது. நீ தீபாவளிக்கு நம் வீட்டு ஹாலுக்கு டிவி வாங்கிக்கொள்ளச் சொன்னாயே, அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு சனிக்கிழமையே கடைக்குப் போய் அந்தச் சின்ன டிவியை ஆஸ்பத்திரிக்கு வாங்கிவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே, வீட்டில் பழையது நன்றாகத்தான் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை அறைக்கு விடுமுறை. மேனேஜரிடம் சொல்லிப் பெரியதைக் கழற்றி, வெளியே கூடத்தில் மாட்டச் சொன்னேன். கூட வருகிறவர்கள் நேர் எதிரே பெஞ்சில் உட்காருகிற இடம் அது, வெயிலும் விழாது. அங்கே அது அருமையான டிவிதான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. டிவி மேல் எனக்கு என்ன பகை. அந்தப் பலகையை மட்டும் மேனேஜர் கழற்றத் தயங்கினார், நானே ஸ்டூல் போட்டு ஏறித் திருகைக் கழற்றி அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

அன்றைக்கு நான் கூப்பிடாமலே ஷ்ரவ்யா வந்தாள். முஜீப் அவளுக்குப் பழக்கமாம், அவன் சொல்லியிருக்கிறான் போல. நேராக முதல் கட்டிலில் போய், ஊசி குத்தினவர்கள் மாதிரியே ஒரு கையை நீட்டி வைத்துக்கொண்டு படுத்தாள். சின்ன டிவியை மாட்டிக்கொண்டிருந்த முஜீப்பிடம், இன்னும் கொஞ்சம் கீழ சாச்சு வெய்யுங்க அண்ணா, போதும், இப்ப எழுத்து தெரியுது என்றாள். எட்டுக் கட்டிலிலும் இப்படிப் படுத்துப் பார்த்தாள். எல்லாம் முடிந்த பிறகு பஸ் ஸ்டாண்டு வரை என்னோடு நடந்தாள். நான் உங்க சீட்டக் குடுத்தேனுங்க அத்தை, எங்கப்பா படிச்சுட்டுத்தான் பெருச எடுத்தார், நானும் அப்ப எதுத்துச் சொல்லல என்றாள். அப்புறம் நின்று, என் முகத்தை நேராகப் பார்த்து, உங்களுக்கு எங்கப்பாவ நெனச்சா அருவருப்பா இருக்குதுன்னு எனக்குத் தெரியுமுங்க, இருக்கட்டும், உங்களுக்காவது ஒரு நாள்தானுங்க, நான் தெனமும் அவர் பக்கத்துல உக்காந்து சாப்பிடறேன் என்றாள். சொல்லிவிட்டு அழவில்லை. அவளுக்கு பஸ் வந்துவிட்டது.

நேற்று பாலுசாமி போன் செய்து, ஒன்றுமே நடக்காதது போல, தையில் முகூர்த்தம் இருக்கிறது, மண்டபம் சொல்லிவிடலாமா என்றார். நான் இந்த முறை விழுங்கவில்லை. உங்களோட உக்காந்து சம்பந்தம் கலக்க எனக்கு மனசு ஒப்பலீங்க, அருவருப்பா இருக்குதுங்க என்று அதே வார்த்தையைச் சொன்னேன். ஒரு டிவிக்குப் போயி இத்தனையா அம்மணி என்றார். நான் வைத்துவிட்டேன். அவர் வீட்டுத் தண்ணீர் என் தொண்டையில் இறங்காது, அது நிச்சயம். ஆனால் கல்யாணம் எனக்கும் அவருக்கும் இல்லையே. அவரைப் பிடிக்காததற்காக அந்தப் பெண்ணை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அந்தப் பெண்ணுக்காக அவரைச் சகித்துக்கொள் என்று உன்னிடம் சொல்லவும் வரவில்லை. நீயும் ஷ்ரவ்யாவும் இதுவரை பெரியவர்கள் எதிரில் வீடியோவில் பார்த்து, சாப்பிட்டாச்சா என்று கேட்டதோடு சரி. அவளிடம் நீயே நேராகப் பேசு. அவளுக்கு அந்த வீட்டைவிட்டுக் கிளம்ப மட்டும் ஒரு கல்யாணம் வேண்டுமா, உன்னோடு வாழ வேண்டுமா என்று கேள், அவளும் உன்னிடம் கேட்கிறதைக் கேட்கட்டும். அவள் நம்பரை இதோடு தனிச் சீட்டில் எழுதியிருக்கிறேன், அவள் சம்மதத்தோடுதான். இதை எழுதுகிற நேரத்தில் நைனா எழுந்து வந்து படித்துப் பார்த்துவிட்டு, கடுமையாக இருக்கிறது, நாலு இடத்தில் அடித்துவிடு என்கிறார். நான் அடிக்கவில்லை.

வெயில் வருகிற நாளில் வெளியே நட, ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, இருமலுக்கு டாக்டரைப் பார். கருமத்தம்பட்டி மாதாவும் நம் குலதெய்வமும் உன்னை நல்லபடி வைத்திருக்கட்டும், நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் உண்டாகட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, இந்தக் கடிதம் வந்ததும் வழக்கம்போல முதலில் எனக்கு போன் செய்யாதே. முதலில் அவளைக் கூப்பிடு. அவள் என்ன சொன்னாலும், நீ என்ன முடிவெடுத்தாலும், மறுநாள் காலையில் எனக்குச் சொன்னால் போதும். நான் போன் பக்கத்திலேயே இருப்பேன்.

உன் அன்பு அம்மா,
சு. பங்காரம்மா